காலியாக இருக்கவேண்டிய குழி

மூன்று வருடம் பாடுபட்ட படம் ஒருவழியாகத் திரையில் வந்து நின்றபோது குளிரக்காவுக்கு முதலில் கண்ணீர் வந்தது. அடுத்த நிமிடமே சந்தேகமும் வந்தது.

“அக்கா, இந்த இடத்தைப் பாருங்களேன்” என்று படக்காரி மவுஸை நகர்த்தினாள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை ஓட்டுவதும், அது எடுக்கும் லட்சக்கணக்கான மங்கல் படங்களைக் கணினியில் சேர்த்து ஒரே உருவமாக்குவதும் அவள் வேலை. நீல நிறத்தில் ஏழு சுருள்கள் கட்டுக்கம்பு போல நெருங்கி நின்றன. நடுவில் ஒரு குழி. குழிக்குள் நீள வாட்டில் ஏதோ ஒரு கட்டி.

“இது என்ன?”

“அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். நீங்க ஏதாவது சேர்த்தீங்களா?”

“நான் எதுக்குச் சேர்க்கப்போறேன்? இது காலி சாம்பிள்.”

“காலியா இல்லையேக்கா.”

நான்கு டிகிரிக் குளிரறையில் வாரத்துக்கு மூன்று நாள் ஸ்வெட்டரும் காதுக்குல்லாவுமாக நின்று வேலை செய்வதால் வந்த பெயர் குளிரக்கா. அவள் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தது ஓர் ஏற்பிப் புரதம். தொண்டை நரம்பு செல்களின் சவ்வில் வாசற்காவலன் மாதிரி உட்கார்ந்திருக்கும். வெளியே இருந்து எரிச்சலூட்டும் பொருள் ஏதாவது வந்து அதன் குழியில் உட்கார்ந்தால், ‘இருமு’ என்று உள்ளே சேதி சொல்லிவிடும். குழியின் அச்சு அசல் வடிவம் தெரிந்தால், அதை அடைக்க ஒரு மருந்து செய்யலாம். வருடக்கணக்காக இருமிக்கொண்டே இருப்பவர்களுக்கு நிம்மதி கிடைக்கும்.

ஆனால் சவ்வுப் புரதத்தைப்போல ஒரு சண்டிக்குதிரையைக் காண முடியாது. கொழுப்பாலான சவ்வுக்குள் இருக்கும்வரை ராஜாவாக இருக்கும். வெளியே எடுத்தால் கரையில் போட்ட மீன்தான். அந்துப்பூச்சியின் செல்களைக் குடுவை குடுவையாக வளர்த்து, அவற்றை இந்தப் புரதத்தைச் செய்ய வைத்து, உடைத்து, சவ்வைப் பிரித்து, மென்மையான ஒரு சோப்பில் கரைத்து, சலித்து, வடித்து, பத்து லிட்டரில் தொடங்கினால் கடைசியில் ஒரு கண்ணீர்த்துளி அளவு கிடைக்கும். அதிலும் பாதி மறுநாள் உதிர்ந்துபோகும். மூன்று வருடமாக உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. இந்த முறைதான் முதன்முதலாக நிலைத்து நின்றது.

ஏன் இந்த முறை மட்டும்? நேற்றுவரை மகிழ்ச்சியாக இருந்த அந்தக் கேள்வி இப்போது முள்ளாகக் குத்தியது. குழிக்குள் மருந்து ஒன்று சிக்கென்று உட்கார்ந்துவிட்டால் புரதம் உதிராது. அது அத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அவள் மருந்து எதையும் போடவில்லை. அப்படியானால் போட்டது யார்?

“பதினொண்ணாம் நம்பரை வச்சுப் பாரு” என்றாள்.

படக்காரி அவளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மருந்துக்காரர் செய்தவற்றிலேயே நீளமான பதினொன்றாம் மருந்தின் வடிவத்தைக் கணினியில் எடுத்துக் கட்டிக்குள் வைத்தாள்.

“நீளம் சரியா இருக்கு. தலைப்பக்கம் கொஞ்சம் இடிக்குது. படம் இன்னும் தெளிவா இருந்தாத்தான் சொல்ல முடியும்.”

குளிரக்காவுக்கு அந்தத் தெளிவே போதுமானதாக இருந்தது.

மருந்துக்காரர் இரண்டு அறை தள்ளி இருந்தார். இருமல் ஏற்பிக்கு மருந்து செய்வது அவர் பொறுப்பு. இதுவரை பதினான்கு செய்திருந்தார். பதினான்கும் உயிருள்ள செல்லில் ஏதோ சுமாராக வேலை செய்தன. குளிரக்கா பிரித்துக் கொடுத்த புரதத்தில் ஒன்றுகூட ஒட்டவில்லை. ‘மருந்து சரியில்லை’ என்று அவள் நினைத்தாள். ‘புரதம் செத்தது’ என்று அவர் நினைத்தார் என்பதும் அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மனிதர் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காலையில் லிப்டில் பார்த்தால் தலையை ஒரு அங்குலம் அசைப்பார். அவளுடைய மனசுக்குள் அவருக்கு ‘ஊமைக்கோட்டான்’ என்று பெயர்.

பதினொன்றாம் மருந்து குழிக்குள் உட்கார்ந்திருப்பது படமாக வந்தால் யாருக்கு லாபம்? அவருக்குத்தான். நாலு வருட உழைப்பு பழுதில்லை என்று நிரூபணமாகிவிடும். போன வாரம் ஒரு நாள் காலையில் குளிரறைக் கதவைத் திறந்தபோது அவர் உள்ளே நின்றுகொண்டிருந்தது ஞாபகம் வந்தது. “பஃபர் தேடினேன்” என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கரைசல்கள் எதுவும் குளிரறையில் இருப்பதில்லை. அன்றைக்கு அது உறைக்கவில்லை. இன்று உறைத்தது.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரிப்பவர். பின்னால் வந்து இடித்த வண்டியையும் முன்னால் நின்ற வண்டியையும் ஒரே கண்ணால் பார்ப்பவர். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவர் நம்பிய ஆட்களை விரல்விட்டு எண்ணினால் ஒரு விரல்கூட மடங்காது.

“பொய் சொல்றவன் நிறையப் பேசுவான்” என்றார், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

“இவர் பேசவே மாட்டார்ங்க.”

“அப்ப இன்னும் மோசம். ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? சரி, ஆதாரம் என்ன வச்சிருக்கே?”

“ஒண்ணும் இல்லை.”

“அப்ப முதல்ல வாயைத் திறக்காதே. ஆதாரம் பண்ணு.”

“பண்றதா?”

“பிடிக்கிறதுன்னு சொல்ல வந்தேன். பெட்டி மூடியில ஒரு தலைமுடியை ஒட்டி வை. ட்யூப் மூடியிலயும் பெட்டியிலயும் சேர்ந்தாப்ல சின்னதா பேனாக்கோடு போடு. யாராவது தொட்டா கோடு விலகும்.”

விசாரணை என்று வந்துவிட்டால் அவருக்கு முகத்தில் பத்து வயது குறைந்துவிடும். அவள் தயங்கித் தயங்கித்தான் கேட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலை குளிரறைக்குள் தன் நரைமுடி ஒன்றைப் பிடுங்கிப் பெட்டியின் விளிம்பில் ஒட்டியபோது கை நடுங்கவில்லை. குளிரில்கூட நடுங்கவில்லை.

மூன்றாம் நாள் முடி இல்லை.

கீழே குனிந்து தேடினாள். தரையில் இல்லை. பெட்டியைத் திறந்தாள். உள்ளே வரிசையாக இருந்த ட்யூப்களில் இரண்டின் கோடு விலகியிருந்தது. சொல்லவே வெட்கமான ஒரு திருப்தி வந்தது. கையும் களவுமாகப் பிடிக்காவிட்டாலும் களவு நடந்தது நிச்சயம்.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டது. மருந்துக்காரர் தேநீர் அறைக்குள் வந்து, அவளைக் கண்டதும் வெளியே போனால் குற்றமுள்ள நெஞ்சு. வெளியே போகாமல் நின்றால் நெஞ்சழுத்தம். படக்காரியிடம் அவர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். படக்காரியையும் சந்தேகிக்கத் தோன்றியது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மஞ்சள் குறையவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவளால் அடக்க முடியவில்லை. நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர். தலைமாட்டில் பேராசிரியை. நடந்ததைச் சொல்லிப் படத்தைக் காட்டிய குளிரக்கா, மூச்சு விடாமல் முடியைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் சொன்னாள்.

“பேரு சொல்ல விரும்பலை” என்று முடித்தாள். “ஆனா கட்டி பதினொண்ணாம் மருந்து மாதிரி இருக்கு. அந்த மருந்து யார்கிட்ட இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.”

அறையில் யாரும் இருமக்கூட இல்லை. மருந்துக்காரர் எழுந்தார். வெளியே போனார். ‘ஓடுகிறார்’ என்று குளிரக்கா நினைத்தாள். இரண்டு நிமிடத்தில் ஒரு சின்னப் பழுப்பு பாட்டிலோடு திரும்பி வந்து அதைப் பேராசிரியையின் முன்னால் வைத்தார்.

“இதுதான் பதினொண்ணு” என்றார். “ஆறு வாரத்துக்கு முன்னாடி மட்டத்துல ஒரு கோடு போட்டேன்.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பாட்டிலின் மேல் மெல்லிய கறுப்புக் கோடு. உள்ளே இருந்த திரவம் கோட்டுக்கு மேலே நின்றது.

“குறையலையே சார்” என்றாள் படக்காரி.

“கூடியிருக்கு. அதான் விஷயம். எடுத்தவங்க, தெரியக்கூடாதுன்னு தண்ணி ஊத்தி ஈடு கட்டியிருக்காங்க.” அவர் குளிரக்காவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசினார். “மூணு வருஷமா நிக்காத புரதம் திடீர்னு நின்னுதுன்னா, உள்ள ஏதோ மருந்து போயிருக்குன்னு எனக்கும் தோணும்ல? மருந்து போட்டு நிக்க வச்சுட்டு, காலிப் புரதம்னு சொல்லிக்கலாம். பேரு கிடைக்கும். நானும் பேரு சொல்ல விரும்பலை.”

குளிரக்காவுக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டன. திருடனைக் காட்டப்போன இடத்தில் திருடி என்று பெயர் வாங்கியாயிற்று. “நான் உங்க ரூம் பக்கமே வந்ததில்லை சார்!” என்றாள். குரல் உடைந்தது. உடைந்த குரல் பொய்க்குரல் மாதிரியே கேட்டது அவளுக்கே.

பேராசிரியை பாட்டிலையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார். அதிகம் சத்தம் போடாத அம்மாள்.

“ரெண்டு பேரும் நாளைக்கே புதுசா ஒரு பேட்ச் ஆரம்பிங்க” என்றார். “சேர்ந்து பண்ணுங்க. ஒருத்தர் கை வைக்கிறதை இன்னொருத்தர் பார்க்கணும். ட்யூப் ரெண்டு கையெழுத்து இல்லாம எங்கயும் நகரக்கூடாது. பாதி மைக்ராஸ்கோப்புக்கு. பாதி பக்கத்துக் கட்டடத்துல மூலக்கூறு எடை பார்க்கிற மெஷினுக்கு. உள்ள இருக்கிறது என்னன்னு அது சொல்லட்டும். அதுவரைக்கும் இங்க யாரும் யாரையும் பத்திப் பேசவேண்டாம்.”

அடுத்த மூன்று நாட்களைக் குளிரக்கா தன் வாழ்நாளில் மறக்கமாட்டாள். குளிரறை நாலு தப்படி நீளம், இரண்டு தப்படி அகலம். அதற்குள் ஒருவரையொருவர் திருடர் என்று நினைக்கும் இரண்டு பேர். அவள் குடுவையைச் சாய்த்தால் அவர் கண் அவள் விரலில். அவர் பேனாவை எடுத்தால் அவள் கண் அவர் பையில். அவள் மூக்கைச் சிந்தக் கைக்குட்டையை எடுத்தாள். அவர் கைக்குட்டையை முறைத்தார்.

“விரிச்சுக் காட்டவா?” என்றாள்.

“வேண்டாம்.”

முதல் நாள் அவர் மெல்லிய சட்டையோடு வந்திருந்தார். குளிரறையில் மணிக்கணக்கில் நிற்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் உதடு நீலமாகிவிட்டது. ஆணியில் அவளுடைய இன்னொரு ஸ்வெட்டர் தொங்கியது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் பல் தந்தியடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வடிகுழாயின் அடியில் சொட்டுச் சொட்டாக விழுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவர் சொந்தமாக ஒரு தடித்த கோட்டோடு வந்தார்.

அன்று மத்தியானம், ஆறு மணி நேரம் வடித்து எடுத்ததில் கால்வாசி உதிர்ந்து வெண்ணிறக் குப்பையாக அடியில் படிந்தபோது அவர் ட்யூபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பவும் இப்படித்தானா?” என்று கேட்டார்.

“எப்பவும்.”

“இவ்வளவு போகுமா?”

“இதுக்கு மேலயும் போயிருக்கு. நீங்க ‘புரதம் செத்துப்போச்சு’ன்னு எழுதி அனுப்புவீங்கள்ல, அப்பல்லாம் மிச்சம் இருந்ததைத்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கேன்.”

அவர் ட்யூபை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்தார். அது வெட்கத்தினாலா, வேறு திட்டத்தினாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் கணவர் கேட்டார்: “திடீர்னு அக்கறையாப் பேசினாரா? கவனமா இரு. இது எல்லாரும் பண்றதுதான்.” அவள் அன்று தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் படுத்தாள்.

மூன்றாம் நாள், இரண்டு கையெழுத்தோடு ட்யூப்கள் போயின. நாலு நாள் கழித்துப் படம் வந்தது. யாரும் எதையும் சேர்க்காத, நான்கு கண்கள் இமைக்காமல் பார்த்த அந்தப் புரதத்தின் குழியிலும் கட்டி இருந்தது. அதே இடம், அதே நீளம்.

குளிரக்காவும் மருந்துக்காரரும் திரைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அப்போதும் அவளுக்கு முதலில் தோன்றியது, ‘எப்படிப் போட்டார்?’ என்பதுதான். அவரும் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்த விதத்தில் அதே கேள்விதான் இருந்தது. இரண்டு பேர் கண்களும் சந்தித்தன. அந்தக் கணத்தில்தான், தான் எந்தக் கதிக்கு வந்துவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணெதிரே நடக்காததைக்கூட நம்ப மனசு தயாராக இருக்கிறதே!

மறுநாள் எடை மெஷின்காரர் தாளோடு வந்தார். “உங்க பதினொண்ணாம் மருந்து இதுல இல்லவே இல்லை” என்றார். “எந்த நம்பரும் இல்லை. இது ஒரு சாதாரணக் கொழுப்பு அமிலம். உங்க செல்லுக்கு என்ன ஊட்டுறீங்க?”

குளிரக்கா அலமாரியைத் திறந்து செல்களின் ஊட்டக் கரைசலை எடுத்தாள். லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் அந்தக் கொழுப்பின் பெயர் இருந்தது. பழைய கரைசலிலும் அது உண்டு; ஆனால் கொஞ்சம்தான். இரண்டு மாதத்துக்கு முன்பு, செல்கள் கொழுகொழுவென்று வளரட்டும் என்று கொழுப்பு அதிகமுள்ள புதுக் கரைசலுக்கு மாற்றியது யார்? அவள்தான். கேட்டு வாங்கிய தாளில் அவள் கையெழுத்துத்தான் இருந்தது.

எல்லாம் படபடவென்று இடத்தில் வந்து உட்கார்ந்தது. இந்த ஏற்பி காலியாக இருக்கவே தெரியாத ஜென்மம். கொழுப்பைப் பிடித்துக்கொண்டவை பிழைத்தன, பிடிக்காதவை உதிர்ந்தன. பழைய கரைசலில் பிழைத்தவை கொஞ்சம்; புதியதில் நிறைய. அவ்வளவுதான் வித்தியாசம். பிழைத்தவற்றை எடுத்து, ‘காலி’ என்று எழுதி மருந்துக்காரருக்கு அனுப்பினாள். அவர் மருந்துகள் போய்ப் பார்த்தால் நாற்காலியில் ஏற்கெனவே ஆள். எப்படி ஒட்டும்?

“அப்ப என் மருந்தும் தப்பில்லை” என்றார் அவர் மெதுவாக. “உங்க புரதமும் சாகலை.”

“சார், உங்க பாட்டில்?”

அவர் முகம் சிவந்தது. இத்தனை நாளில் அந்த முகத்தில் அவள் பார்த்த முதல் நிறம். “அந்தக் கரைப்பான் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். மூடியைச் சரியா மூடலைன்னா மட்டம் ஏறும். முதல் வருஷம் படிக்கிறவங்களுக்கே தெரியும். இருபது வருஷமா நான் அதுலதான் வேலை செய்யறேன். எனக்குத் தோணவே இல்லை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க பெட்டியைத் திறந்தது நான்தான். பதினொண்ணை அங்க ஒளிச்சு வச்சிருக்கீங்களான்னு தேடினேன். ரெண்டு ட்யூபை எடுத்துப் பார்த்துட்டு அப்படியே வச்சேன். முடி இருந்தது தெரியாது. பஃபர் தேடினேன்னு சொன்ன அன்னைக்கும் அதுக்குத்தான் வந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. களவு என்று அவள் கண்டது அவருடைய சோதனை. இரண்டு பேரும் ஒரே நாட்களில், ஒரே புத்தியோடு, ஒருவரையொருவர் வேவு பார்த்திருக்கிறார்கள்.

அன்று மாலை கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தாடையைத் தடவினார். “அந்த எடை மெஷின்காரர் இவருக்குத் தெரிஞ்சவரா?”

“போதும்ங்க” என்றாள். பதினேழு வருடத்தில் அந்தச் சொல்லை அந்தக் குரலில் அவள் சொன்னதில்லை. “உங்க வேலையில அது சரியா இருக்கலாம். நான் உங்க பேச்சைக் கேட்டு ஒன்பது பேர் முன்னாடி ஒரு மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டேன்.”

“நான் சொல்லச் சொல்லலையே. வாயைத் திறக்காதேன்னுதானே சொன்னேன்?”

அது உண்மைதான். திறந்தது அவள் வாய்தான்.

ஒன்பது பேர் முன்னால் சொன்னதை ஒன்பது பேர் முன்னால்தான் திரும்ப எடுக்கவேண்டும் என்று அடுத்த திங்கட்கிழமை எழுந்து நின்றாள். யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் காற்றில் போயின. “நான் தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க சார்” என்றாள்.

அவர் தலையை ஒரு அங்குலம் அசைத்தார். “நானும்” என்றார். அவ்வளவுதான். பேராசிரியை அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு அவர்கள் ஒன்றும் உயிர் நண்பர்களாகிவிடவில்லை. லிப்டில் அதே அசைப்புத்தான். ஆனால் வேலை ஓடியது. அவள் கொழுப்பை மெல்ல மெல்லக் கழுவி எடுக்கும் வழியைத் தேடினாள். அவர் அந்தக் கொழுப்பைப்போலவே வால் நீண்ட மருந்துகளைச் செய்தார், உட்கார்ந்திருக்கும் ஆளைத் தள்ளிவிட்டு உட்காரும் தெம்புள்ளவையாக. பதினைந்து ஒட்டவில்லை. பதினாறு அரைகுறை. பதினெட்டு போய் உட்கார்ந்தது. நாலு மாதம் கழித்து வந்த படத்தில், கணினியில் வைத்தபோது எங்கேயும் இடிக்காமல் பொருந்தியது. படக்காரி நாற்காலியிலிருந்து குதித்தேவிட்டாள்.

கட்டுரையை மருந்துக்காரர் எழுதி அனுப்பினார். குளிரக்கா திறந்ததும் கண் முதல் வரியிலேயே நின்றது. பெயர்கள் வரிசையில் அவள் பெயர் முதலில் இருந்தது. அவர் பெயர் இரண்டாவது.

உடனே பழைய புழு நெளிந்தது. ஏன்? எதற்கு விட்டுக்கொடுக்கிறார்? கட்டுரையில் ஏதாவது தப்பு இருந்து, முதல் பெயர்க்காரி தலையில் விழட்டும் என்றா? இருபத்தாறு பக்கத்தையும் அட்டவணைகளோடு இரண்டு தரம் படித்தாள். ஓர் எழுத்துப் பிழையைத் தவிர தப்பு ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே இன்னும் சந்தேகமாக இருந்தது.

மூன்றாம் தரம் படிக்க உட்கார்ந்தவள், பாதியில் எழுந்தாள். இரண்டு அறை தள்ளிப் போய்க் கதவைத் தட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“சார், நேராவே கேக்கறேன். என் பேரை ஏன் முதல்ல போட்டீங்க?”

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். “மூணு நாள் அந்த ரூம்ல நின்னேன்ல?” என்றார். “அதுக்கப்புறம் வேற எப்படிப் போடறது?”

குளிரக்கா வாசலிலிருந்து ஓர் அடி உள்ளே வந்தாள். பிறகு, “ஏழாம் பக்கத்துல ஒரு எழுத்துப் பிழை இருக்கு” என்றாள்.

“திருத்திடுங்க” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.